செயற்கை நுண்ணறிவும் நம் கையெழுத்தும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் மலருக்காக எழுதித் தரப்பட்டது.)

 

போன மாதம் நம் சங்கச் செயலாளர் எனக்குப் போன் செய்தார். "தம்பி, இந்த வருஷம் ஏஐ பத்தி ஒரு அரை மணி நேரம் பேசணும். ஆபீஸ் வேலையில அதை எப்படிப் பயன்படுத்துறதுன்னு" என்றார். "அண்ணே, நான் சிவில் ஆள். கம்ப்யூட்டர் சயன்ஸ் பேட்ச்ல எத்தனையோ பெரிய ஆளுங்க இருக்காங்களே" என்றேன். "அவங்க அதைச் செய்யறவங்க. நீ அதை வெச்சு வேலை பார்த்து அடி வாங்கினவன். அடி வாங்கினவன் பேசினாத்தான் நாலு பேருக்கு உபயோகம்" என்றார். நான் அடி வாங்கிய விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். நம் பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் எதுவும் ரகசியமாக இருப்பதில்லை.

நான் 2011-இல் இந்தக் கல்லூரியிலிருந்து வெளியேறியவன். இன்று கட்டட வடிவமைப்புச் செய்யும் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். இந்த மேடையில் நின்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ரெக்கார்டு நோட்டுதான்.

சீனியர் ரெக்கார்டு

ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் லேபில் இரும்புக் கம்பியை இழுத்து அது எவ்வளவு நீளுகிறது என்று பார்க்கும் சோதனை உங்களுக்கு நினைவிருக்கும். கம்பியை இழுப்பது லேப் அசிஸ்டெண்ட். வேடிக்கை பார்ப்பது நாங்கள். ரெக்கார்டு எழுதுவது? சீனியர் அண்ணனின் ரெக்கார்டைப் பார்த்து! அந்த அண்ணன் யங்ஸ் மாடுலஸ் விடையில் பத்தின் அடுக்கை ஒன்று குறைத்து எழுதியிருந்தார். அவரிடமிருந்து எங்கள் பேட்சில் இருபது பேர் அதை அப்படியே இறக்கிவிட்டோம்.

லேப் சார் எல்லா நோட்டையும் பார்த்துவிட்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "இருபது பேர் கம்பியும் ஒரே மாதிரி ரப்பர் மாதிரி நீண்டிருக்கு. கம்பிக்கு ஏதோ தொத்து வியாதி போலிருக்கே!"

அன்றைக்குச் சிரித்தோம். ஆனால் இன்றைக்கு ஏஐ என்று நாம் சொல்கிற செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றி எனக்குத் தெரிந்த சிறந்த உவமை அந்த சீனியர் ரெக்கார்டுதான். கையெழுத்து அழகாக இருக்கும். படம் சுத்தமாக இருக்கும். அடிக்கோடு சிவப்பு மையில் இருக்கும். பெரும்பாலான பக்கங்கள் சரியாகவே இருக்கும். எந்தப் பக்கத்தில் அடுக்கு தப்பியிருக்கிறது என்பது மட்டும் வெளியே தெரியாது.

இது எப்படி வேலை செய்கிறது?

2017-இல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் எட்டுப் பேர் 'டிரான்ஸ்பார்மர்' என்ற அமைப்பைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இன்றைய கருவிகள் பெரும்பாலும் அந்த அடித்தளத்தின் மேல் எழுந்த மாடிகள்தான். 2022 நவம்பர் 30 அன்று ஓப்பன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. அதற்குப் பிறகு ஜெமினி, கிளாட், கோபைலட் என்று வரிசையாக வந்துவிட்டன.

நம் ஊர் டவுன் பஸ்ஸில் ஏறுகிறோம். கண்டக்டர் "படியில நிக்காதே" என்று ஆரம்பித்தால் அடுத்து என்ன வரும்? "உள்ளே ஏறி வா" என்று நாமே சொல்லிவிடுவோம். ஏன்? ஆயிரம் தடவை கேட்டிருக்கிறோம். இந்தக் கருவியும் அடிப்படையில் அதையே செய்கிறது. மலைபோல் குவிந்த எழுத்துகளைப் படித்து, இந்த வார்த்தைகளுக்கு அடுத்து எது வரப் பொருத்தம் என்று கணித்துக்கொண்டே போகிறது. அது போதாதென்று, மனிதர்களுக்குப் பிடித்த மாதிரி பதில் சொல்லவும் அதற்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். இப்போது இணையத்தில் தேடவும், கணக்குப் போடும் புரோகிராம்களை இயக்கவும் அதற்கு வசதி செய்து கொடுத்திருக்கிறார்கள்.

இங்கே முன் வரிசையில் இருக்கும் பெரியவர்கள் கிளார்க்ஸ் டேபிளும் ஸ்லைடு ரூலும் வைத்துப் படித்தவர்கள். 1972-இல் ஹியூலெட் பேக்கார்டு நிறுவனத்தின் எச்பி 35 என்ற சயன்டிபிக் கால்குலேட்டர் வந்தபோது அதன் விலை 395 டாலர். ஸ்லைடு ரூல் அதோடு அலமாரிக்குள் போயிற்று. எங்கள் காலத்தில் கையால் போட்ட பிரேம் கணக்கை ஸ்டாட் போன்ற மென்பொருள் எடுத்துக்கொண்டது. "அதுபோலத்தானே இதுவும்?" என்று கேட்பீர்கள். ஒரு வித்தியாசம் இருக்கிறது. கால்குலேட்டரிடம் ஒரே கணக்கைப் பத்துத் தடவை கேட்டால் பத்துத் தடவையும் ஒரே விடை. தப்பு வந்தால் அது நம் விரல் செய்த தப்பு. ஏஐயிடம் ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்டால் இரண்டு மாதிரி பதில் வரலாம். சரியான பதிலும் தப்பான பதிலும் ஒரே தோரணையில், ஒரே நம்பிக்கையோடு வரும். விவரம் இங்கேதான் இருக்கிறது.

என் மேஜையில் அது செய்கிற வேலை

குறை சொல்வதற்கு முன் நன்றி சொல்வதுதான் மரியாதை. என் வேலையில் அது உண்மையாகவே உதவுகிற இடங்கள் நான்கு.

முதலாவது, கடிதங்கள். சைட் மீட்டிங் முடிந்து வரும்போது என் நோட்டில் கிறுக்கல்தான் இருக்கும். "கிளையன்ட், படிக்கட்டு மாத்தணும், செலவு யாரு, வெள்ளிக்குள்ள பதில்" என்று. இதை மீட்டிங் குறிப்பாக எழுத எனக்கு ஒரு மணி நேரம் ஆகும். இப்போது கிறுக்கலை அப்படியே தட்டச்சு செய்து, யார் என்ன செய்யவேண்டும், எந்தத் தேதிக்குள் என்று பட்டியலாக்கித் தா என்று கேட்கிறேன். திருத்தி அனுப்ப இருபது நிமிடம் போதும்.

இரண்டாவது, தடிமனான டெண்டர் புத்தகங்கள். இருநூறு பக்கத்தில் தாமதத்துக்கு அபராதம் எங்கே, விலை உயர்வுக்கு ஈடு உண்டா இல்லையா, பணம் எத்தனை நாளில் வரும் என்று தேடித் தரச் சொல்வேன். கண்டிப்பாகப் பக்க எண்ணோடு கேட்பேன். பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்து நானே படிப்பேன். தேடுகிற வேலை அதனுடையது, படிக்கிற வேலை என்னுடையது.

மூன்றாவது, எக்செல். கம்பி அளவுப் பட்டியல்களில் ஒரே கம்பி இரண்டு இடத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க ஒரு சிறு புரோகிராம் எழுதித் தரச் சொன்னேன். புரோகிராம் எழுதத் தெரியாத சிவில்காரனுக்கு இது பெரிய வரப்பிரசாதம். ஆனால் முதலில் விடை தெரிந்த ஒரு பழைய பட்டியலில் ஓட்டிப் பார்த்தேன். அதில் ஒன்றைத் தவறவிட்டது. சொன்னேன், திருத்திக் கொடுத்தது. அதன் பிறகே புதிய வேலைக்குப் பயன்படுத்தினேன்.

நான்காவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. எங்கள் சைட்டுகளில் பீகார், ஒடிசா, மேற்கு வங்கத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் நிறையப் பேர். காலையில் வேலை ஆரம்பிக்குமுன் பாதுகாப்பு பற்றிப் பேசுவோம். முன்பெல்லாம் இங்கிலீஷில் ஒரு போர்டு மாட்டி, தமிழில் சத்தம் போட்டு, இந்தியில் கையைக் காட்டி முடித்துவிடுவோம். இப்போது அதே செய்தியை அவரவர் மொழியில் எழுதி வாங்குகிறோம். ஆனால் அப்படியே ஒட்டுவதில்லை. அந்த மொழி பேசுகிற தொழிலாளி ஒருவரையே சத்தமாகப் படிக்கச் சொல்லி, "என்ன புரிஞ்சுது, திருப்பிச் சொல்லு" என்று கேட்கிறோம். "முட்டு எடுக்காதே" என்பது "முட்டு எடு" என்று ஆகிவிட்டால் என்ன ஆகும் என்று சென்ட்ரிங் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இனி, அடி வாங்கிய கதை

2024-இல் நடந்தது. கிழக்குக் கடற்கரையை ஒட்டி ஒரு மூன்று மாடிக் கட்டடம். அலை வந்து மேலே தெறிக்கிற இடம் இல்லை. ஆனால் இரவில் அலைச் சத்தம் கேட்கும். உப்புக் காற்று இருபத்து நான்கு மணி நேரமும் அடிக்கும். வடிவமைப்புக்கு நாங்கள் பின்பற்றியது ஐ.எஸ். 456, 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு. சிவில் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன், கான்கிரீட் வேலைக்கு அதுதான் எங்கள் வேதப் புத்தகம்.

ஒருநாள் சாயங்காலம் ஐந்தரை மணி. டிராயிங்கின் பொதுக் குறிப்புகளை மாற்றி அன்றைக்கே அனுப்பவேண்டும் என்றார்கள். வீட்டில் பையனுக்குப் பிறந்தநாள். கேக் வாங்கிக்கொண்டு ஏழு மணிக்குள் வருவதாகச் சொல்லியிருந்தேன். ஏஐயைத் திறந்தேன். கட்டடம் இன்ன இடத்தில், இன்ன மாதிரி, ஐ.எஸ். 456 படி குறிப்புகளைத் தயார் செய் என்றேன். அரை நிமிடத்தில் பளிச்சென்று வந்தது.

சூழல் வகை 'கடுமையானது' என்று போட்டிருந்தது. சரி. கான்கிரீட் தரம் குறைந்தது எம் 30. சரி. தண்ணீர் சிமெண்ட் விகிதம் அதிகபட்சம் 0.45. சரி. ஒரு கன மீட்டருக்குக் குறைந்தது 320 கிலோ சிமெண்ட். அதுவும் சரி. அடுத்த வரியில் கவர் 30 மில்லிமீட்டர், பிரிவு 26.4.2 என்று இருந்தது. பிரிவு எண் சரி. 30 என்பது தப்பு. புத்தகத்தில் அட்டவணை 16-ஐப் பார்த்தால் 'மிதமான' சூழலுக்கு 30, 'கடுமையான' சூழலுக்கு 45. ஒரு வரி மேலே போய் எண்ணை எடுத்த மாதிரி இருந்தது.

முதல் நான்கும் சரியாக இருந்ததால் ஐந்தாவதின் மேல் என் கண் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. எம் 30 பக்கத்தில் 30 என்று பார்த்தபோது மனசுக்கு உறுத்தவும் இல்லை. பதினைந்து வருஷம் தினமும் புழங்குகிற எண்! தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் என்னை யாரும் கேட்கவில்லையே. பதில்தானே முதலில் வந்தது! இனிஷியல் போட்டு அனுப்பினேன். ஏழு மணிக்கு வீட்டில் இருந்தேன். அன்று உற்பத்தித் திறன் என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் குறிப்பைப் பார்த்து எங்கள் அலுவலகத்திலேயே ஸ்லாப் கணக்கும் போட்டார்கள். டிராயிங் சைட்டுக்குப் போயிற்று. கம்பி கட்டியாயிற்று. மறுநாள் காலை ரெடிமிக்ஸ் வண்டிக்குச் சொல்லியாயிற்று.

அன்று மத்தியானம் அங்கிருந்த மேஸ்திரி, கடலோர ஊர்க்காரர், கவர் பிளாக்கைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார். "என்னம்மா இது, இவ்ளோ பொடிசா இருக்கு? எங்க ஊர்ல கடல் பக்கம் கட்டின பஞ்சாயத்துக் கட்டடம், கம்பி துருப்பிடிச்சு மேல் காரை தட்டு தட்டாப் பேர்ந்து விழுதும்மா" என்று அங்கிருந்த ஜூனியர் என்ஜினீயரிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. நம் கல்லூரிதான் என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். அவள் மேஸ்திரியை, "டிராயிங்ல இருக்கு, நீங்க கட்டுங்க" என்று சொல்லவில்லை. புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். எனக்குப் போன் செய்தாள்.

"சார், கோட்ல 45 இருக்கு. நம்ம டிராயிங்ல 30 இருக்கு. வேற ஏதாவது காரணத்துக்காகக் குறைச்சுக் குடுத்தீங்களா சார்?"

எவ்வளவு மரியாதையாகக் கேட்டாள் பாருங்கள்! "தப்பு பண்ணிட்டீங்க" என்று சொல்லியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

பதினைந்து மில்லிமீட்டர், ஒரு விரல் அகலம்கூட இல்லை, அதற்கு இவ்வளவா என்று மற்றப் பிரிவு நண்பர்கள் நினைக்கலாம். உப்புக் காற்றிலுள்ள குளோரைடு, கான்கிரீட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஊடுருவிக் கம்பியைத் தொடும். மற்றவை மாறாமல் இருந்தால், அது போய்ச் சேர எடுக்கும் காலம் தோராயமாக ஆழத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 45-ஐ 30-ஆல் வகுத்தால் ஒன்றரை. ஒன்றரையின் வர்க்கம் இரண்டேகால். அதாவது 45 மில்லிமீட்டரைத் தாண்ட 45 வருஷம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், 30-ஐத் தாண்ட 20 வருஷம் போதும். துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டிலிருந்து ஆறு மடங்கு இடத்தை அடைக்கும். அது உள்ளிருந்து நெட்டித் தள்ளித்தான் காரை பேர்ந்து விழுகிறது. நாங்கள் எல்லாம் ரிட்டயர் ஆனபிறகு, யாரோ ஒரு வீட்டுக் குழந்தை கீழே விளையாடும்போது!

கவர் பிளாக்கை மாற்றி வைத்தால் முடிந்துவிடாதா? முடியாது. ஸ்லாப்பின் கனம் 150 மில்லிமீட்டர். 10 மில்லிமீட்டர் கம்பி. கவர் 30 என்றால் பயன்படும் ஆழம் 115. கவர் 45 ஆனால் ஆழம் 100. கம்பியை மேலே தூக்கினால் ஸ்லாப்பின் பலமே குறைகிறது. எனவே கணக்கைத் திரும்பப் போட்டு, 150 மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்த கம்பியை 125-க்கு நெருக்கினோம். கட்டிய கம்பியைப் பிரித்து, மறுபடி கட்டி... ரெடிமிக்ஸ் ரத்து. மூன்று நாள் போயிற்று. நான் மிச்சம் பிடித்த ஒரு மணி நேரத்துக்குக் கொடுத்த வட்டி அது.

"அதுக்கு பி.எஃப். கட்டுறோமா?"

எங்கள் முதலாளியிடம் போய் நின்றேன். வயதில் பெரியவர், அதிகம் பேசமாட்டார்.

"யாரு போட்ட நோட்ஸ் இது?" என்றார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் வாயிலிருந்து முதலில் வந்த பதில், "ஏஐ போட்டது சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அது நம்ம ஆபீஸ்ல சம்பளம் வாங்குதா? அதுக்கு பி.எஃப். கட்டுறோமா? டிராயிங்ல யாரோட இனிஷியல் இருக்கு?"

அவ்வளவுதான். அந்த அறையிலிருந்து வெளியே வரும்போது ஒன்று புரிந்தது. நான் செய்த தப்பு ஏஐயைப் பயன்படுத்தியது அல்ல. படிக்காமல் இனிஷியல் போட்டது. அந்தத் தப்பை ஏஐ வருவதற்கு முன்பும் செய்திருக்கலாம். ஆனால் இப்போது அதைச் செய்ய வைக்கிற அளவுக்கு எழுத்து அழகாக வருகிறது. நான் மட்டும் இல்லை. 2023-இல் நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள் சாட்ஜிபிடி கொடுத்த, உலகத்திலேயே இல்லாத ஆறு வழக்குகளை மேற்கோள் காட்டி மனு தாக்கல் செய்தார்கள். நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். அங்கேயும் கேள்வி இதேதான். மனுவில் யார் கையெழுத்து?

உண்மையிலேயே நேரம் மிச்சமா?

ஆராய்ச்சிகள் இரண்டு பக்கமும் சொல்கின்றன. 2023-இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வில், அலுவலக எழுத்து வேலைகளைச் சாட்ஜிபிடியோடு செய்தவர்களுக்கு நேரம் சராசரியாக 40 சதவீதம் குறைந்தது, தரமும் கூடியது. கடிதம் எழுதும் என் அனுபவமும் அதுதான். ஆனால் 2025 ஜூலையில் எம்.இ.டி.ஆர். என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு ஒன்று வெளியிட்டது. அனுபவமுள்ள 16 மென்பொருள் வல்லுநர்கள், தாங்கள் நன்றாக அறிந்த புரோகிராம்களில் 246 வேலைகளைச் செய்தார்கள். அந்த வருஷத் தொடக்கத்தில் இருந்த ஏஐ கருவிகளோடு செய்தபோது 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆயிற்று. வேடிக்கை என்னவென்றால், வேலை முடிந்தபிறகும் தாங்கள் 20 சதவீதம் வேகமாக முடித்துவிட்டதாகவே அவர்கள் நம்பினார்கள்!

இதைப் படித்தபின் நானும் ஒரு மாதம் நோட்டுப் போட்டு நேரம் குறித்தேன். கடிதம், மீட்டிங் குறிப்பு, எக்செல் எல்லாம் லாபம். எனக்கு நன்றாகத் தெரிந்த கணக்கை அதனிடம் கொடுத்துச் சரிபார்த்தது நஷ்டம். அதற்கு விளக்குகிற நேரத்தில் நானே போட்டிருக்கலாம். உங்கள் தொழிலில் எது லாபம், எது நஷ்டம் என்பதை நீங்கள்தான் குறித்துப் பார்க்கவேண்டும். நினைப்பை நம்பாதீர்கள், கடிகாரத்தை நம்புங்கள்.

இப்போது நாங்கள் கடைப்பிடிப்பவை

எண் என்று வந்தால் புத்தகம்தான். கோட் மதிப்பு எதுவாக இருந்தாலும் அச்சுப் புத்தகத்தைத் திறந்து பார்த்து, பக்கத்தில் பென்சிலால் டிக் போட்டபிறகே டிராயிங்கில் ஏறும்.

என் பதிலை நான் முதலில் எழுதிக்கொள்வேன். பிறகே அதனிடம் கேட்பேன். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அங்கே நிற்பேன். பதில் முதலில் வந்துவிட்டால் மூளை தூங்கிவிடுகிறது.

ஏஐ எழுதிய பகுதி என்றால் செக் பண்ணுகிறவருக்குச் சொல்லிவிடுவோம். ஒளிக்கமாட்டோம். அந்தப் பகுதியை அவர் இரட்டைக் கண்ணோடு பார்ப்பார்.

கிளையன்டின் டிராயிங், விலை விவரம், ஊழியர் விவரம் எதையும் பொதுக் கருவிகளில் கொட்டமாட்டோம். 2023-இல் சாம்சங் நிறுவன என்ஜினீயர்கள் சிலர் கம்பெனியின் புரோகிராம்களைச் சாட்ஜிபிடியில் போட்டுவிட, நிறுவனம் ஊழியர்களுக்கு இத்தகைய கருவிகளைத் தடை செய்தது. 2025 ஜனவரியில் நம் மத்திய நிதி அமைச்சகமும் அலுவலகக் கம்ப்யூட்டர்களில் இவற்றைத் தவிர்க்குமாறு ஊழியர்களுக்கு அறிவுறுத்தியது. உங்கள் நிறுவனத்தின் விதி என்ன என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. வாரம் ஒருமுறை அதை எனக்கு வைவா எடுக்கச் சொல்வேன். "அடித்தளம் பற்றி என்னைப் பத்துக் கேள்வி கேள், பதில் சொல்லிவிடாதே" என்பேன். எக்ஸ்டர்னல் எக்ஸாமினரைவிட நல்ல மனுஷன், டீ பிஸ்கெட் கேட்பதில்லை!

முதலாளிகளாக இருக்கும் அண்ணன்மார்களுக்கு

இந்த அரங்கத்தில் சொந்தமாகக் கம்பெனி நடத்துகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். டீ இடைவேளையில் ஓர் அண்ணன் சொன்னார்: "தம்பி, இனிமே ரெண்டு ஜூனியர் வேலையை ஏஐயே பார்த்துடும். இந்த வருஷம் கேம்பஸுக்கு வர்றதா இல்ல." அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த மேடை ஏறினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று என்னைக் காப்பாற்றியது யார்? என் அனுபவமா? இல்லை. கருவியா? இல்லை. கடலோரத்தில் வளர்ந்த ஒரு மேஸ்திரியின் கண்ணும், புத்தகத்தைத் திறந்து பார்க்கிற ஒரு ஜூனியரின் பழக்கமும்தான். அந்த ஜூனியரை அந்த வருஷம் நாங்கள் வேலைக்கு எடுக்காமல் இருந்திருந்தால், அந்தப் புத்தகத்தைத் திறக்க அங்கே ஆளே இல்லை. கான்கிரீட் போட்டிருப்போம். யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

இன்னொன்றும் யோசியுங்கள். மீட்டிங் குறிப்பு எழுதி, கம்பிப் பட்டியல் போட்டு, சீனியரிடம் திட்டு வாங்கித்தான் நாம் எல்லாரும் வேலை கற்றோம். அந்தப் படிகளை எடுத்துவிட்டால், பதினைந்து வருஷம் கழித்து இனிஷியல் போடும் தகுதியுள்ள ஆள் எங்கிருந்து வருவார்? ஜூனியர்களை எடுங்கள். அவர்களுக்கு ஏஐயும் கொடுங்கள், புத்தகமும் கொடுங்கள். மிச்சமாகிற நேரத்தில் அவர்களை சைட்டுக்கு அனுப்புங்கள். மேஸ்திரி பக்கத்தில் நிற்க விடுங்கள்.

நான் இப்போது அதைத்தான் செய்கிறேன். கடிதத்தில் மிச்சமாகும் நேரத்தை இன்னும் பத்துக் கடிதம் எழுதச் செலவிடுவதில்லை. வாரத்தில் அரை நாள் கூடுதலாக சைட்டில் நிற்கிறேன். கவர் பிளாக்கைக் கையில் எடுத்துப் பார்க்கிறேன். அந்தக் கட்டடம் முடிந்து, ஆட்கள் குடிவந்துவிட்டார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வண்டியை நிறுத்தி ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

லேப் சார் இன்று இங்கே வந்திருக்கிறார். சார், உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும். அந்த இருபது பேரில் ஒருவன் மறுபடியும் காப்பியடித்துவிட்டான். ஆனால் இந்தத் தடவை, உங்கள் மாணவி ஒருத்தி கண்டுபிடித்துவிட்டாள்.